சாவிக்கொத்தில் சேராத சாவி

சாவிக்கொத்து வருவதற்கு முன்னால் அவருடைய சத்தம் வந்துவிடும். இடுப்பு பெல்ட்டில் ஒரு இரும்பு வளையம். எங்கள் தெருவிலும் அக்கம்பக்கத்திலும் காலியாகக் கிடக்கும் வீடுகளின் சாவிகள் எல்லாம் அதில்தான் தொங்கும். நடந்தால் கலகல, படியேறினால் கலகலகல. அதனால் அதுவே அவருக்குப் பேராகிவிட்டது. வீட்டு புரோக்கருக்கு அதைவிட நல்ல விளம்பரம் வேண்டுமா? பாதி ஏரியாவின் சாவி அவரிடம் இருந்தது. சொந்தமாக ஒரு வீடுதான் இல்லை. தெருக்கோடியில் ஸ்டேஷனரி கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

வீடு பார்க்க வருகிறவர்கள் வாடகை, தண்ணீர், காற்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, கடைசியில் செருப்பை மாட்டும்போது ஒரு கேள்வி கேட்பார்கள். "ஏரியா எப்படிங்க?"

சாவிக்கொத்து அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பார்.

"தங்கமான ஏரியாங்க. நடுரோட்டுல பர்ஸை வெச்சிட்டு வேலைக்குப் போங்க, சாயங்காலம் வந்து எடுத்துக்கலாம்."

எதிரே கடை வைத்திருக்கும் டெய்லர் அண்ணன் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வார். "பர்ஸ் இருக்கும். உள்ள இருந்தது இருக்குமான்னும் கேட்டுக்கங்க."

இன்னொரு தந்திரமும் உண்டு. வீட்டை எப்போதும் மாலை நாலு மணிக்குத்தான் காட்டுவார். அது பள்ளிக்கூடம் விடுகிற நேரம். தெரு முழுக்கப் பிள்ளைகள், அவர்கள் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு அம்மாக்கள், அப்பாக்கள். "இப்படி ஜேஜேன்னு ஒரு தெருவை எங்கயாச்சும் பார்த்திருக்கீங்களா?" என்பார். அதே தெருவை மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு வந்து பார்க்க வேண்டும். டெய்லர் அண்ணனின் மெஷினைத் தவிர ஈ காக்கை இருக்காது. அந்த நேரத்தில் அவர் யாருக்கும் வீடு காட்டி நான் பார்த்ததில்லை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவர் பிழைத்தார். ஆனால் குடித்தனக்காரர்கள் ஒரே வீட்டில் வேரூன்றி உட்கார்ந்துவிட்டால் புரோக்கர் வயிற்றில் ஈரத்துணிதான். அதனால் யாரையும் உட்கார விடமாட்டார். நான் கணக்கு டீச்சர், ஏமாறுகிற ஆள் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. என்னிடமே வந்து, "டீச்சர், ஒரு வீடு வந்திருக்கு. காத்து சும்மா பிச்சிக்கிட்டு வரும்" என்றார். காற்றுக்காக மாறினோம். அடுத்த வருடம் தண்ணீருக்காக மாறினோம். அதற்கடுத்த வருடம் துணி காயப்போட நல்ல மொட்டைமாடி என்றார். இத்தனையும் ஒரே தெருவுக்குள். "சட்டி பானையைத் தூக்கிட்டு ஒரே இடத்துல வட்டமடிக்கிறோமே, இதுல உனக்குக் கணக்கு டீச்சர்னு பேரு வேற" என்று என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

எங்களுக்கு மட்டும் இந்தக் கதி இல்லை, தெருவுக்கே இதுதான். ஏதாவது ஒரு வாசலில் ஒரு மினி லாரி எப்போதும் நிற்கும். யாரோ ஏற்றுவார்கள், யாரோ இறக்குவார்கள். யார் வருகிறார், யார் போகிறார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பழகி முடிப்பதற்குள் அவர்களும் காலி செய்துவிடுவார்களே.

இவ்வளவு சாவியிலும் ஒன்று மட்டும் அந்த வளையத்தில் சேராது. அது மூலைவீட்டு மாடியின் சாவி. பால்கனி வைத்த வீடு, இரண்டு பக்கமும் தெரு தெரியும். எத்தனை பேர் கேட்டாலும், "அது முடிஞ்சிடுச்சுங்க" என்பார். அந்தச் சாவி மஞ்சள் நூலில் கட்டி அவர் சட்டையின் உள்பையில் இருந்தது. மகளுக்காக வைத்திருந்தார். மனைவி போய்ப் பல வருடம் ஆகிறது. ஒரே மகள், நர்ஸ். ஹாஸ்டலிலேயே படித்து வளர்ந்தவள், எங்கள் தெருவில் யாரும் அவளைப் பார்த்ததில்லை. கல்யாணமாகி தூரத்து ஊர் ஒன்றில் கணவனோடும் கைக்குழந்தையோடும் இருந்தாள். அவளுக்கு இந்த நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. வந்தால் அந்த மாடியில் வைக்க வேண்டும், பேத்தி பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தன் அறை வாசலிலிருந்து பார்க்க வேண்டும். மனுஷனுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். வீட்டுச் சொந்தக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, அவரே ஒரு பங்கு வாடகை கொடுத்துப் பூட்டி வைத்திருந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் வீட்டில் திருட்டு நடந்தது.

திருட்டு என்றால் ஓட்டைப் பிரித்து இறங்குவது, சுவர் ஏறிக் குதிப்பது என்றெல்லாம் எதுவும் இல்லை. பட்டப்பகலில் ஒரு மினி லாரி வந்து வாசலில் நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். மேலே போய்ப் பூட்டை உடைத்து, டிவி, வாஷிங் மெஷின், மெத்தை, ஃபிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாக இறக்கி நிதானமாக ஏற்றினார்கள். நான் பள்ளியில் பின்னங்கள் நடத்திக்கொண்டிருந்தேன். என் கணவர் ஆபீஸில். டெய்லர் அண்ணன் தன் ஸ்டூலை நகர்த்தி லாரிக்கு வழிவிட்டார். கீழ்வீட்டு அக்கா, வெயிலில் கஷ்டப்படுகிறார்களே என்று ஆளுக்கொரு சொம்பு தண்ணீர் கொடுத்து, "பார்த்துப் போங்கப்பா" என்று வழியனுப்பினார். திருடன் கையிலே சாவி கொடுத்ததைக் கேட்டிருக்கிறோம். தண்ணீரும் கொடுத்தது எங்கள் தெருதான்.

போலீஸ்காரர் வந்து கேட்டார். "ஆளுங்க எப்படி இருந்தாங்க?"

"மெத்தை நீலக் கலர் சார்" என்றார் டெய்லர் அண்ணன்.

"ஆளைக் கேட்டேன்."

"வாஷிங் மெஷினுக்கு டியூப்பைக் கழட்டாம தூக்கினாங்க" என்றார் அக்கா.

அத்தனை பேருக்கும் சாமான் ஞாபகம் இருந்தது. ஒரு முகம்கூட ஞாபகம் இல்லை. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

அன்று மாலை சாவிக்கொத்து வந்தார். சத்தமே இல்லாமல் வந்தார்; வளையத்தைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். காலியான கூடத்தில் நாங்கள் பாய்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். நின்றபடியே சொன்னார்.

"டீச்சர், அந்த ஃபிரிட்ஜை ஒரு பக்கம் பிடிச்சது நான்தான்."

எனக்குப் புரியவில்லை.

"அந்தப் பக்கமா வந்தேன். படி திருப்பத்துல ஃபிரிட்ஜ் மாட்டிக்கிச்சு, முழிச்சிட்டு நின்னானுங்க. இந்தப் படியில இடது பக்கம் சாய்ச்சாத்தான் இறங்கும். ஏத்தினப்பவும் நான்தானே சாய்ச்சேன்? வாய் சும்மா இருக்கல. சொல்லிக் குடுத்து, ஒரு பக்கம் பிடிச்சும் விட்டேன்."

"யாருடைய ஃபிரிட்ஜுன்னு தெரியாமலா பிடிச்சீங்க?" என்றார் என் கணவர்.

"தெரிஞ்சுதான் பிடிச்சேன் சார். டீச்சர் வேற புரோக்கர் மூலமா வீடு பார்த்துட்டாங்கன்னு நெனச்சேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேன்னு மனசு கஷ்டமாயிடுச்சு. அந்த ரோஷத்துல போன் பண்ணல. போதாக்குறைக்கு என் விசிட்டிங் கார்டை அவன் கையில குடுத்து, 'என்னைவிட நல்ல புரோக்கர் கிடைச்சிட்டானான்னு டீச்சரைக் கேளு'ன்னு சொல்லி அனுப்பினேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"கேக்கறேன் சார்னான். மரியாதையான பையன்."

என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். சொல்லாமல் மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வந்து சொன்னாரே என்று அப்போது தோன்றவில்லை. ஃபிரிட்ஜ் வைத்திருந்த இடத்தில் தரையில் ஒரு வெள்ளைச் சதுரம் மட்டும் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

அடுத்த வாரம் எல்லோருடைய போனிலும் ஒரு வரைபடம் சுற்றியது. நகரத்தில் எந்த ஏரியா பத்திரம், எந்த ஏரியா இல்லை என்று யாரோ வண்ணம் அடித்திருந்தார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு. எங்கள் ஏரியா தக்காளி மாதிரி சிவந்து கிடந்தது. போன வருடத்தைவிடத் திருட்டு நாற்பது சதவீதம் அதிகமாம். தொழில் புத்தி விடுமா, விசாரித்துப் பார்த்தேன். போன வருடம் ஐந்து திருட்டு, இந்த வருடம் ஏழு. ஏழாவது நான். ஏழு என்று சொன்னால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நாற்பது சதவீதம் என்றதும் கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போடுகிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்த ஏழில் ஒன்று நானாக இருந்ததால் எனக்கு அது நூறு சதவீதம்.

அந்த வரைபடம் தூரத்து ஊரில் இருந்த மகளுக்கும் போயிருந்தது.

டெய்லர் கடையில் கிழிந்த திரையைத் தைக்கக் கொடுக்கப் போனபோது, சாவிக்கொத்து ஓரமாகத் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். "பொண்ணு போன் பண்ணிச்சு டீச்சர்" என்றார்.

"என்ன சொல்றா?"

"'ஏரியா எப்படிப்பா?'ன்னு கேட்டுச்சு."

இத்தனை வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை பதில் சொன்ன கேள்வி. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருந்தது அவர் முகம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சிக்னல் இல்லன்னு வெச்சிட்டேன்."

டெய்லர் அண்ணனுக்கும் கிண்டல் வரவில்லை. விஷயம் இதுதான். அவளுக்கு ராத்திரி டியூட்டி உண்டு. வீட்டில் குழந்தையும் அதன் அப்பாவும் மட்டும் இருப்பார்கள். நகரத்தின் மறுகோடியில் காவலாளி, கேமரா, பெரிய கேட் எல்லாம் வைத்த ஒரு குடியிருப்பை மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறார். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும். அங்கே போய்விட்டால் பேத்தியை இவர் விருந்தாளி மாதிரி போய்ப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

"தங்கமான ஏரியான்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன். கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

"பெத்த பொண்ணுகிட்ட எப்படி டீச்சர்?"

"அப்போ எங்ககிட்ட மட்டும் சொல்லலாமா?" என்று பிடித்துக்கொண்டேன். "தெருவுல லைட் இல்லியா? பூட்டு இல்லியா? எல்லாம் இருக்கு. யார் யாருன்னு மட்டும் யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? ஒரு அடுப்புல ரெண்டாவது வருஷம் சமைக்க விட்டிருக்கீங்களா நீங்க? உங்க புண்ணியத்துல இந்தத் தெருவே ஒரு பஸ் ஸ்டாண்டு. பஸ் ஸ்டாண்டுல எவன் பெட்டியை எவன் தூக்கினா எவன் கேப்பான்?"

அவர் உள்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுந்து போனார். கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

மறுநாள் நான் பள்ளியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் கலகல. "கிளம்புங்க டீச்சர்."

"எங்க? இன்னொரு வீடா? கொன்னுடுவேன்."

"வீடு இல்ல. ஆளுங்க."

தெருவின் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தார். மணியை அடித்து, கதவு திறந்ததும் என்னைக் காட்டி, "இவங்க டீச்சர். இவங்க ஃபிரிட்ஜைத்தான் நாம எல்லாருமா சேர்ந்து ஏத்தி விட்டோம்" என்பார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. ஆனால் வேலை செய்தது. ஒவ்வொரு வீட்டிலும் முதலில் சிரிப்பு, பிறகு ஐயோ பாவம், பிறகு உட்காருங்க. இரண்டு சுவர் தள்ளி இருப்பவர் கண் டாக்டரிடம் வேலை பார்க்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். நான் வருடக்கணக்காகக் கண்ணாடி மாற்ற அலைந்துகொண்டிருந்தேன். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கும் பிள்ளையின் அம்மா மூன்றாவது வீட்டில் இருந்தார். அவருக்கும் எனக்கும் பேச நிறைய இருந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் உலக அதிசயம். வீடு மாற்ற வேண்டும் என்று வருகிறவர்களிடம், "எதுக்கு? இருக்கிற வீட்டுக்கு என்ன குறை?" என்று கேட்க ஆரம்பித்தார். குழாய் ஒழுகுது என்றால் குழாய்க்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாடகை ஏற்றப் பார்த்த வீட்டுக்காரரிடம் போய் மல்லுக்கு நின்றார். "புரோக்கர் வேலையை விட்டுட்டு மடம் வெச்சிட்டீங்களா?" என்று டெய்லர் அண்ணன் கேட்டதற்கு, "வேற ஏரியாவுல குடி வெச்சிப் பொழைச்சிக்கிறேன். இந்தத் தெரு கொஞ்ச நாள் அசையாம இருக்கட்டும்" என்றார். லாரி வந்தால் யாராவது ஒருவர் எழுந்து போய், எங்கிருந்து, எங்கே, யாருடைய சாமான் என்று மூன்று கேள்வி கேட்பது என்று ஒரு பேச்சு ஏற்பட்டது.

எங்கள் ஆட்களுக்கு எதையும் அளவோடு செய்து பழக்கம் இல்லை. முதல் வாரம் தபால்காரரை நிறுத்தினார்கள். தண்ணீர் கேன் கொண்டுவருபவரிடம் காலி கேனைத் திருப்பி எடுத்துப் போவதற்கு விளக்கம் கேட்டார்கள். என் கணவரின் தம்பி, துவைக்கப் போட்ட போர்வையை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டிலிருந்து இறங்கினார். அவரைக் கீழ்வீட்டு அக்கா கரண்டியும் கையுமாக மறித்து நிறுத்திவிட்டார். "அண்ணி, உங்க வீட்டுக்கு வரணும்னா இனிமே பாஸ்போர்ட் எடுக்கணும் போல" என்று அவர் போனில் அலறினார். இத்தனைக்கும் நடுவில் ஒரு சைக்கிளும் திருடு போனது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாதக் கடைசி நெருங்கியது. மகள் திரும்பக் கூப்பிட்டபோதும் அவர் சிக்னல் இல்லை என்றே வைத்திருக்கிறார். ஒரு சைக்கிள் போன தெருவை எப்படித் தங்கம் என்பது? பொய் சொல்லவும் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் துணிச்சல் இல்லை. ஆள் பாதியாக இளைத்துப்போனார். பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. ஃபிரிட்ஜை நான் அப்போதே மன்னித்துவிட்டேன், வெளியில் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம். எனக்கு லீவு. தெரு உண்ட மயக்கத்தில் கிடந்தது. திடீரென்று டெய்லர் அண்ணனின் மெஷின் நின்றது. இந்தத் தெருவில் அது நின்றால் ஏதோ விஷயம் என்று அர்த்தம். எட்டிப் பார்த்தேன். மூலைவீட்டு வாசலில் ஒரு பெண், தோளில் ஒரு பை. மாடியை அண்ணாந்து பார்த்தாள். கேட் கொக்கியைத் தூக்கிப் பார்த்தாள். பக்கவாட்டுச் சந்துக்குள் போய்த் திரும்பி வந்தாள்.

நான் இறங்கிப் போவதற்குள் டெய்லர் அண்ணன் கழுத்தில் அளவு டேப்போடு அங்கே நின்றார். கீழ்வீட்டு அக்கா ஈரக்கையோடு வந்துவிட்டார். இன்னும் இரண்டு ஜன்னல் திறந்தன.

"யாரும்மா நீ? என்ன வேணும்?" என்றார் அக்கா.

அந்தப் பெண் பயப்படவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "வீடு பார்க்க வந்தேங்க. ஏரியா எப்படி?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்தக் கேள்வியை எங்களிடம் யாரும் கேட்டதே இல்லை.

"சுமார்தான்மா" என்றார் டெய்லர் அண்ணன். "போன வாரம்கூட ஒரு சைக்கிள் போச்சு."

"எங்க வீட்டுல ஃபிரிட்ஜே போச்சு" என்றேன்.

"ஃபிரிட்ஜா? அதை எப்படித் தூக்கினாங்க?"

"ஒரு பக்கம் திருடன் பிடிச்சான். இன்னொரு பக்கம் வீட்டு புரோக்கர் பிடிச்சார்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அக்காவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. "சிரிக்காதேம்மா. அந்த மனுஷன்தான் இப்ப வீடு வீடா ஏறி எங்க எல்லாரையும் கட்டி மேய்க்கிறார். இந்த வீடு வாடகைக்கு இல்ல. அவர் தன் பொண்ணுக்குன்னு எடுத்து வெச்சிருக்கார். இதோட சாவியைக் கொத்துலகூடச் சேர்க்கல, நெஞ்சுலயே வெச்சிட்டு அலையறார். அந்தப் பொண்ணு என்னடான்னா வருவேனா மாட்டேனான்னு இழுத்தடிக்குது. நீ வேற வீடு பாரு."

அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு நான்தாங்க" என்றாள். "அப்பா நாலு மணிக்குத்தான் வீட்டைக் காட்டுவார்னு எனக்குத் தெரியும். அதான் சொல்லாம இந்த நேரத்துல வந்தேன்."

அக்கா ஈரக்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழித்தார். அதற்குள் தெருக்கோடியில் கலகல, கலகலகல. யாரோ போன் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. சாவிக்கொத்து மூச்சிரைக்க ஓடிவந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, "எவன்டா அது மூலைவீட்டுல கை வெச்சது?" என்று உள்ளே புகுந்தவர், மகளைப் பார்த்துச் சிலையாக நின்றார்.

அவள் அவரையே பார்த்தாள். "ஏரியா எப்படிப்பா?"

சிக்னல் இல்லை என்று சொல்ல வழியில்லை. டெய்லர் அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார்.

"போன வாரம் ஒரு சைக்கிள் போச்சும்மா" என்றார். "இன்னும் கிடைக்கல. அந்த சந்துல ஒரு லைட் எரியல, கார்ப்பரேஷனுக்கு எழுதிப் போட்டிருக்கேன். நீ நல்லா யோசிச்சு, அந்த கேட் வெச்ச எடத்துக்கே…"

"அந்த கேட் வெச்ச எடத்துக்குப் போய்ப் பார்த்துட்டுதான்பா வர்றேன். உள்ள போய் வெளிய வர்ற வரைக்கும் ஒருத்தரும் யாருன்னு கேக்கல" என்றாள் அவள். பிறகு கையை நீட்டினாள். "சாவியைக் குடுங்க."

அவர் உள்பைக்குள் கையை விட்டார். மஞ்சள் நூல் சட்டைப் பொத்தானில் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது. கடைசியில் டெய்லர் அண்ணன்தான் பாக்கெட்டிலிருந்து கத்தரியை எடுத்து நூலை வெட்டிவிட்டார். மகள் சாவியை வாங்கிக்கொண்டு மேலே போனாள். அவர் போகவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று அழுதார். நானும்தான் அழுதேன், சொல்வதற்கு என்ன.

இரண்டு வாரம் கழித்து மினி லாரி வந்தது. மாப்பிள்ளை இறங்கினார், இடுப்பில் பேத்தி. மூலைவீட்டுப் படியிலும் ஒரு திருப்பம் இருக்கிறது. ஃபிரிட்ஜ் அங்கே வந்து மாட்டிக்கொண்டது. "இடது பக்கம் சாய்க்கணும், இடது பக்கம்" என்று சாவிக்கொத்து கத்திக்கொண்டே ஒரு பக்கம் பிடித்தார். மறுபக்கம் நான் போனேன். பிடிப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையைப் பார்த்து, "இது யாருடைய ஃபிரிட்ஜ்?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைத்தேன்.